கடல் கண்ட கப்பல்கள் – 9
நொவாரா: மூன்று பெயர் கொண்ட கப்பல்

சென்ற பகுதியில் கோவளம் கடற்கரையில் ஆஸ்திரியப் பேரரசரின் கொடி பறந்த கதையைச் சொல்லியிருந்தேன். ஆஸ்டெண்ட் கம்பெனி என்ற வணிகக் கூட்டம் 1722இல் வியன்னாவில் பட்டயம் வாங்கியது. இன்றைக்கு நாம் மீன் வாங்கப் போகும் அதே கோவளத்தில் பண்டகசாலை வைத்துத் துணி வாங்கியது. லண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் நெருக்கடி வந்ததும் ஒன்பதே ஆண்டில் கலைந்து போனது. அந்தக் கதை அதோடு முடிந்தது என்றுதான் பலகாலம் நினைத்திருந்தேன். ஆனால் நூற்று இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு அதே அரசகுலத்தின் கொடியோடு இன்னொரு கப்பல் நம் கடலுக்கு வந்திருக்கிறது. அது துணி வாங்க வரவில்லை.

அந்தக் கப்பலை நான் முதலில் பார்த்தது ஒரு அஞ்சல்தலையில். பிரான்சுக்குத் தென்கோடிக் கடலில் சில தீவுகள் உண்டு. அங்கே நிரந்தரமாக வாழ்கிற மனிதர் எவரும் இல்லை, ஆராய்ச்சிக்காகப் போய்வருகிறவர்கள்தான். ஆனாலும் அந்த ஆட்சிப்பகுதி சொந்தமாக அஞ்சல்தலை வெளியிடுகிறது. தம் தீவுகளைத் தொட்டுப்போன பழைய கப்பல்களை அதில் மறவாமல் பதிக்கிறார்கள். அப்படி வந்ததுதான் ‘நொவாரா’. இந்தியப் பெருங்கடலின் நட்டநடுவே இருக்கும் செயின்ட் பால் என்ற எரிமலைத் தீவுக்கு 1857இல் அது போனது. அதற்கான நினைவு அந்த அஞ்சல்தலை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி எளியது. செயின்ட் பாலிலிருந்து வடக்கே வந்தால் இலங்கை. இலங்கையைத் தாண்டினால் நாம். இந்தக் கப்பல் நம் பக்கம் வந்ததா?

வந்தது. மதராசுக்கு வந்தது, மாமல்லபுரத்துக்கும் அதன் ஆட்கள் வந்தார்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் கப்பலின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும். கடலில் இறங்குவதற்கு முன்பே மூன்று பெயர் மாறிய கப்பல் இது.

வெனிஸ் நகரத்தின் பழம்பெரும் கப்பல் தளத்தில் 1843 செப்டம்பரில் இதன் அடிமரத்தை வைத்தார்கள். அன்றைக்கு வெனிஸ் ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. கப்பலுக்கு வைத்த பெயர் ‘மினெர்வா’. உரோமரின் கல்வித் தெய்வம், நம் கலைமகளைப் போல. வேலை ஆமை வேகத்தில் நடந்தது. பாதிக் கப்பல் மேடையில் நிற்கும்போதே 1848 வந்துவிட்டது. ஐரோப்பா முழுவதும் கிளர்ச்சி. வெனிஸ் மக்கள் ஆஸ்திரியரைத் துரத்திவிட்டுக் குடியரசு அறிவித்தார்கள். மேடையில் நின்ற கப்பலுக்கு ‘இத்தாலியா’ என்று பெயர் சூட்டினார்கள். இத்தாலி என்று ஒரு நாடே அப்போது இல்லை. இனி வரப்போகும் நாட்டின் பெயரை முடியாத கப்பல் ஒன்றுக்கு வைத்த அந்த வெனிஸ் தச்சர்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

1849 மார்ச்சில் வட இத்தாலியில் நொவாரா என்ற ஊரருகே நடந்த போரில் ஆஸ்திரியத் தளபதி ராதெட்ஸ்கி வென்றார். அந்த ஆகஸ்டில் வெனிஸ் பட்டினியிலும் காலராவிலும் துவண்டு சரணடைந்தது. திரும்பி வந்த ஆஸ்திரியர் கப்பலுக்கு மூன்றாவது பெயரை வைத்தார்கள். இத்தாலியரை முறியடித்த போர்க்களத்தின் பெயர், இத்தாலியர் கையால் கட்டிய கப்பலுக்கு. 1850 நவம்பர் 4ஆம் நாள் ‘நொவாரா’ தண்ணீரில் இறங்கியது.

இதை நீராவிப் போர்க்கப்பல் என்று அஞ்சல்தலைப் பட்டியல்கள் சில குறிக்கின்றன. அது பாதி உண்மை. ஃபிரிகேட் என்றால் பீரங்கிகளை ஒரே மூடிய தளத்தில் வரிசையாக வைத்த, வேகமாக ஓடுகிற நடுத்தரப் போர்க்கப்பல். நொவாரா பிறந்தபோது வெறும் பாய்மர ஃபிரிகேட்தான். 42 பீரங்கி, மூன்று பாய்மரம். கொதிகலனும் சுழலியும் அதன் வயிற்றுக்குள் போனது 1861–62இல். அதற்கு முன்னால் ஒரு வாழ்வு, பின்னால் ஒரு வாழ்வு. பின்னாளில் இதே பெயரில் ஒரு நீராவிக் குரூசரும் ஆஸ்திரியாவிடம் இருந்தது; முதல் உலகப்போரில் ஒட்ரான்டோ நீரிணையில் சண்டை போட்டது. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் கடலுக்கு வந்தது காற்றை மட்டுமே நம்பிய முதல் நொவாரா.

பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் தம்பி மாக்சிமிலியன் தன் இருபத்திரண்டாவது வயதிலேயே கடற்படைத் தலைவர் ஆனவர். ஆஸ்திரியாவுக்கு உலகக் கடல்களில் பெயரில்லை என்ற ஏக்கம் அவருக்கு உண்டு. ஒரு போர்க்கப்பலை உலகம் சுற்ற அனுப்புவது, அதில் அறிவியலாளரையும் ஏற்றி அனுப்புவது என்று முடிவாயிற்று. பீரங்கிகளில் சிலவற்றை இறக்கிவிட்டு நூலகத்துக்கும் அறிவியலாளருக்கும் இடம் ஒதுக்கினார்கள். எண்பத்தேழு வயதில் பெர்லினில் இருந்த அலெக்சாண்டர் ஹம்போல்ட் எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். தானே போக முடியாத கிழவர் தன் கண்களை இளைஞர்களிடம் கொடுத்தனுப்பியது போல.

பயணத்தின் தலைவர் பெர்ன்ஹார்ட் ஃபொன் வூலர்ஸ்டோர்ஃப். கப்பலின் தளபதி ஃபிரெட்ரிக் ஃபொன் பொக். அதிகாரிகளும் மாலுமிகளுமாக 345 பேர், அறிவியல் குழுவில் ஏழு பேர். அந்த ஏழு பேரில் மூவரை இந்தப் பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ல் ஃபொன் ஷெர்ட்சர், மக்களையும் வணிகத்தையும் பற்றி எழுதுகிறவர். பின்னால் பயணக் கதையை நூலாக்கியவர் இவர்தான். ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹொக்ஸ்டெட்டர், பாறையியலாளர். யோசேஃப் செல்லனி, ஓவியர். 1857 ஏப்ரல் 30 அன்று திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்கள்.

ரியோ டி ஜெனிரோ, நன்னம்பிக்கை முனை, பிறகு அந்த செயின்ட் பால் தீவு. அஞ்சல்தலையில் உறைந்து நிற்பது இந்த இடம். கடல் நீர் புகுந்த எரிமலை வாய்தான் அங்கே துறைமுகம். கரையோரம் வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் அங்கே தங்கி அளந்தார்கள், வரைந்தார்கள். 1858 பிறந்தவுடன் இலங்கையில் காலி, கொழும்பு. ஜனவரி கடைசி நாளில் மதராஸ்.

இன்றைய சென்னைத் துறைமுகத்தை மனத்திலிருந்து அழித்துவிட்டுத்தான் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மதராசுக்குத் துறைமுகமே கிடையாது. அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டியதே 1875இல். நொவாரா வந்தபோது கடலுக்குள் நீண்ட ஒரு இரும்புப் பாலம்கூட இல்லை. இன்று உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கும் பழைய கல்தூண் கலங்கரை விளக்கம் 1844இலிருந்து எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தைக் குறிவைத்துக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருக்கும். அங்கிருந்து கரைக்கு வர வேண்டுமென்றால் பேரரசர் மகனே ஆனாலும் நம் மசூலாப் படகுக்காரரின் தயவு வேண்டும்.

மசூலாப் படகைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தத் தொடரில் போர்க்கப்பல்களுக்கே பக்கங்கள் போய்விடுகின்றன. அந்தக் கப்பல்களைக் கரையோடு சேர்த்த படகுக்கு ஒரு பத்தியாவது எழுத வேண்டாமா?

மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, தென்னங்கயிறால் துணி தைப்பது போலத் தைத்திருப்பார்கள். இடுக்கில் நாரோ வைக்கோலோ வைத்து இறுக்குவார்கள். அடிப்பகுதி தட்டை. ஆணியடித்த ஐரோப்பியப் படகு மதராஸ் அலையில் சிக்கி மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு மோதும்போது வளைந்து கொடுக்கும், பிறகு நிமிரும். எட்டுப் பேர், பத்துப் பேர் மூங்கில் துடுப்பு வலிக்க, பின்னால் தண்டல் நின்று திசை பிடிப்பார். கரைக்கும் ஆழத்துக்கும் நடுவே அலை ஒன்றன்பின் ஒன்றாக உடையும். எந்த அலையின் முதுகில் ஏற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று தண்டலுக்குத்தான் தெரியும். அவர் குரல் கொடுத்ததும் எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழும். அலை கடுமையாகிவிட்டால் மசூலாவும் போகாது, அப்போது கட்டுமரம்தான். கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு மீனவர் கட்டுமரத்தில் கப்பலுக்குப் போய்வருவார். அலை தாண்டும்போது கடலில் விழுவார், எழுவார், மறுபடி மரத்தைப் பிடிப்பார். கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும்.

கோவளத்தில் எனக்குத் தெரிந்த வயதான மீனவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அலையை எண்ணிப் பாத்துட்டுத்தான் தம்பி எறங்கணும். இப்ப மிஷின் வந்துட்டா அலை மாறிடுச்சா என்ன?” என்றார். உலகத்தைச் சுற்ற வந்த கப்பலின் விஞ்ஞானிகள் அத்தனை பேரும் அந்த எண்ணிக்கையை நம்பித்தான் கரையிறங்கினார்கள்.

அவர்கள் இறங்கிய மதராஸ் எப்படி இருந்தது? வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. தில்லி செங்கோட்டையில் பகதூர் ஷா மீது விசாரணை தொடங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. லக்னோ இன்னும் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பவில்லை. மதராஸ் மாகாணம் மட்டும் ஏறக்குறைய அமைதியாக இருந்தது. பல்கலைக்கழகம் பிறந்து ஐந்து மாதம். ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கி ஒன்றரை ஆண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தை எட்வர்ட் பால்ஃபர் வளர்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே புலியும் குரங்கும் வைத்து ஒரு விலங்குக் காட்சியும் நடந்தது. கடைசி ஆர்க்காட்டு நவாபு குலாம் கௌஸ் கான் 1855இல் வாரிசின்றி இறந்திருந்தார். சேப்பாக்கம் அரண்மனை நவாபு இன்றிக் கிடந்தது.

பத்து நாளில் இவர்கள் பார்க்காததில்லை. அருங்காட்சியகம், வானாய்வகம், அனாதைக் குழந்தைகளின் இல்லம். ரயிலேறி வேலூர்ப் பக்கம் ஒருநாள். வடக்கே பழவேற்காடு ஏரி. ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் கிண்டி மாளிகையில் விருந்து. இவற்றையெல்லாம் வேகமாகக் கடந்துவிடுகிறேன். என் மனம் தெற்கே இழுக்கிறது.

சென்னையிலிருந்து கடலை ஒட்டி மாமல்லபுரத்துக்குப் போகிறவர்களுக்கு அன்றும் இன்றும் இரண்டு வழிதான். ஒன்று கடற்கரை மணலோடு போய் முட்டுக்காட்டுக் கழிமுகத்தைக் கடந்து கோவளம் வழியாக. மற்றொன்று உள்ளே தள்ளி, பையனூர் பக்கமாக, எங்கள் கேளம்பாக்கம் வழியாக. இரண்டுக்கும் நடுவே கிடப்பது எங்கள் உப்பங்கழி. பிப்ரவரியில் அது வற்றத் தொடங்கும். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். இன்றைக்கும் அந்த மாதத்தில் கோவளம் சாலைப் பாலத்தில் நின்றால் பூநாரையும் செங்கால் நாரையும் தலை குனிந்து மேய்வதைப் பார்க்கலாம். பாத்தி கட்டி உப்பு எடுப்பது இந்தப் பக்கத்தில் பழந்தொழில். 1805இலிருந்து மதராஸ் மாகாணத்தில் உப்பு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். உப்பு வாரியவர் தன் வீட்டுக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டாலும் குற்றம். அன்று வெள்ளைக்காரர் தூரம் போவதென்றால் பல்லக்குதான். தூக்குகிறவர்கள் மாறிமாறித் தோள் கொடுக்க, இரவில் தீவட்டி முன்னால் ஓடும். அந்தத் தோள்களுக்கு உரியவர்களின் பெயரை எந்தப் பயணியும் எழுதி வைக்கவில்லை.

கோவளத்தில் அப்போது நவாபு காலத்துக் கோட்டையின் இடிபாடு இருந்தது. 1752இல் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து அதைப் பிடித்து வெடி வைத்துத் தகர்த்தார். அதற்கும் முன்னால் அங்கேதான் ஆஸ்டெண்ட் கம்பெனியின் பண்டகசாலை. தம் பேரரசரின் கொடி ஒருகாலத்தில் பறந்த கரையின் பக்கத்தில் நொவாராவின் ஆட்கள் வந்து போனார்கள் என்பதை நினைக்கும்போது, இந்தத் தொடருக்காக நான் தேடியலைந்த நாட்களுக்குப் பலன் கிடைத்தது போல இருக்கிறது.

அவர்களுடைய நூலில் மாமல்லபுரத்தின் பெயர் ‘மகாமலைப்பூர்’. பெரிய மலையூர் என்று பொருள்படும்படி. எங்கிருந்து இந்தப் பெயர் வந்தது என்று தேடினால் பெஞ்சமின் பாபிங்டன் என்பவரிடம் போய் நிற்கும். மதராசில் பணிபுரிந்து தமிழ் கற்றவர். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் ஆங்கிலத்தில் கொண்டு வந்தவர். இவர் மாமல்லபுரச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றி எழுதிய கட்டுரை 1830இல் லண்டனில் அச்சானது. அதில் ஊரின் பெயரை அப்படித்தான் எழுதினார். நாம் மாவலிபுரம் என்றோம். கடலோடிகள் ‘ஏழு கோயில்’ என்றார்கள். பாபிங்டன் மகாமலைப்பூர் என்றார். மாமல்லன் என்பது நரசிம்மவர்ம பல்லவனின் பெயர், அதனால்தான் மாமல்லபுரம் என்று இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். 1858இல் அதை உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. ஊல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை 1890இல் வெளியிட்ட பிறகுதான் பல்லவர் வரிசை ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது.

ஆகவே ஹொக்ஸ்டெட்டர் போன்ற ஒரு பாறையியலாளரின் இடத்தில் இருந்து அந்தக் கரையைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? கட்டியவன் பெயர் தெரியாது. காலம் தெரியாது. ஒற்றைக் கல்லில் செதுக்கிய தேர்கள் ஐந்து, ஒரு யானை, ஒரு சிங்கம், சுற்றிலும் மணல். ஓவியர் செல்லனி அங்கே கோலெடுத்து வரைந்தார். ஒளிப்படம் நம் நாட்டுக்கு வந்துவிட்ட காலம் அது. என்றாலும் கல்லின் கரகரப்பையும் அதன்மேல் விழுகிற கடற்கரை வெயிலையும் வண்ணத்தில் கொண்டுபோக ஓவியன்தான் வேண்டியிருந்தது. எங்கள் ஊருக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் கல்லின் உருவம் இப்படித்தான் ஆஸ்திரியாவுக்குக் கப்பலேறியது.

பிப்ரவரி 10 அன்று நொவாரா மதராசிலிருந்து பாய் விரித்தது. போன இடம் நிக்கோபார். தமிழருக்கு அது புதிய பெயர் இல்லை. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவது அந்தத் தீவுகள்தான்.

இந்த இடத்தில் இந்தப் பயணத்தின் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் போனால் வாசகருக்கு நான் துரோகம் செய்தவனாவேன். அறிவியல் பயணம் என்ற பெயர் பொய் இல்லை. ஆனால் நிக்கோபாருக்கு நொவாரா போனதற்குப் பூச்சியும் பறவையும் மட்டும் காரணம் இல்லை. 1778இல் ஆஸ்திரியாவுக்காக வில்லியம் போல்ட்ஸ் அனுப்பிய ‘யோசேப்பும் தெரேசியாவும்’ என்ற கப்பல் நங்கவுரி துறைமுகத்தில் கொடி நாட்டிக் குடியேற்றம் அமைத்திருந்தது. அங்கே தலைவராக விடப்பட்ட கொட்ஃபிரீட் ஸ்டால் 1783இல் இறந்தார், குடியேற்றம் கலைந்தது. தரங்கம்பாடியிலிருந்த டேனியரும் 1756இலிருந்து அத்தீவுகளுக்கு உரிமை கொண்டாடினார்கள். மொராவிய சமயப் பணியாளர்கள் 1768இல் போனார்கள். காய்ச்சலில் ஒருவர்பின் ஒருவராக மாண்டு, எஞ்சியவர்கள் 1787இல் திரும்பினார்கள். இப்படி எல்லோரையும் காய்ச்சல் துரத்திய தீவில், இனி ஆஸ்திரியா குடியேற முடியுமா, கைதிகளை அனுப்ப முடியுமா என்று பார்த்துச் சொல்வதும் வூலர்ஸ்டோர்ஃபின் வேலைகளில் ஒன்று.

பிப்ரவரி 23 முதல் மார்ச் 26 வரை கார் நிக்கோபார், தில்லாஞ்சாங், நங்கவுரி, பெரிய நிக்கோபார் என்று சுற்றினார்கள். ஒரு மாதம். கரைக்கோடு அளந்தார்கள், சொற்பட்டியல் எடுத்தார்கள், செடி சேகரித்தார்கள். எந்தக் கருவியால் தீவின் அழகை அளந்தார்களோ அதே கருவியால் அதைக் கைக்கொள்ளும் செலவையும் கணக்கிட்டார்கள். தென்னையை நம்பி வாழ்ந்த அந்தத் தீவு மக்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. வியன்னா கடைசியில் எதுவும் செய்யவில்லை. 1868இல் டேனியர் தம் உரிமையை விட்டுக்கொடுக்க, 1869இல் ஆங்கிலேயர் தீவுகளை எடுத்துக்கொண்டு நங்கவுரியில் கைதிகள் முகாம் அமைத்தார்கள். இருபது ஆண்டு நடத்த முடியாமல் அவர்களும் 1888இல் மூடினார்கள்.

அதற்குப் பிறகான பயணம் நீளமானது. சிங்கப்பூர், பத்தாவியா, மணிலா, ஹாங்காங், ஷாங்காய், சிட்னி, ஆக்லாந்து, தாகித்தி, வால்பரைசோ. ஆக்லாந்தில் ஹொக்ஸ்டெட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள். நியூசிலாந்தின் முதல் முறையான பாறையியல் ஆய்வு அவருடையது. அங்கிருந்து விரெமு தொய்தொய், தெ ஹெமாரா ரெரெஹாவு என்ற இரண்டு மாவோரிகள் விரும்பிக் கப்பலேறி வியன்னா போனார்கள். அச்சுத் தொழில் கற்று, அச்சு இயந்திரம் ஒன்றைப் பரிசாகப் பெற்றுத் திரும்பினார்கள். தென் அமெரிக்காவிலிருந்து ஷெர்ட்சர் கொண்டுவந்த கோக்கா இலை மூட்டை கொட்டிங்கன் ஆய்வகத்துக்குப் போயிற்று. அதிலிருந்துதான் ஆல்பர்ட் நீமன் என்ற மாணவர் கோக்கெயினைப் பிரித்தெடுத்தார். உடலின் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் முதல் மருந்தும், பலரை அழித்த போதையும் அந்த ஒரே மூட்டையில் வந்தன.

1859இல் பிரான்சும் சார்டீனியாவும் ஒருபக்கமாக ஆஸ்திரியாவோடு போரில் இறங்கின. நொவாரா அப்போது நடுக்கடலில். எதிரி நாட்டுப் போர்க்கப்பலாக இருந்தும், அறிவியல் செல்வம் சுமந்து வருவதால் அதைத் தடுக்க வேண்டாம் என்று பிரெஞ்சு அரசு தன் கடற்படைக்குச் சொன்னது. போர் செய்யக் கட்டிய கப்பல் போரின் நடுவே பத்திரமாக வீடு வந்தது. 1859 ஆகஸ்ட் 26, திரியெஸ்தே. கடலில் ஓடிய நாள் 551, நங்கூரத்தில் நின்ற நாள் 298, கடந்த தொலைவு 51,686 கடல் மைல். அந்தப் பயணத்தின் அறிக்கைகள் பல தொகுதிகளாக வெளிவந்து முடியப் பல ஆண்டுகள் ஆயின.

இதற்குப் பிறகுதான் நீராவி. 1861–62இல் கப்பலை அறுத்து நீட்டி, இயந்திரம் வைத்து, சுழலி பொருத்தினார்கள். புகைபோக்கி வந்த பிறகு அந்தக் கப்பலுக்கு வாய்த்த வேலைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. 1864 ஏப்ரல் 14 அன்று மாக்சிமிலியன், இந்தக் கப்பலை உலகம் சுற்ற அனுப்பிய அதே மாக்சிமிலியன், மனைவி சார்லட்டோடு இதிலேறினார். பிரெஞ்சுப் படையின் துணையோடு மெக்சிகோவுக்குப் பேரரசர் ஆகும் ஆசை. மே 28 அன்று வெராக்ரூசில் இறங்கினார். அந்த மக்கள் அவரை அழைக்கவில்லை. பெனிட்டோ உவாரெஸ் தலைமையில் போராடினார்கள். பிரெஞ்சுப் படை கைவிட்டதும் பிடிபட்டு, 1867 ஜூன் 19 அன்று கெரெத்தாரோவில் சுடப்பட்டார். முப்பத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை.

இடையில் 1866 ஜூலை 20 அன்று லிசா கடற்போர். இரும்புக் கவசம் போட்ட கப்பல்கள் அணி சேர்ந்து மோதிய முதல் பெரும் போர் அது. மரக்கப்பலான நொவாராவும் எதிரி இத்தாலியரின் குண்டுகளுக்கு முன்னால் நின்றது. அதன் தளபதி எரிக் அஃப் கிளிண்ட் என்ற ஸ்வீடன்காரர் களத்திலேயே இறந்தார். எதிரே வந்த கப்பல்கள் பறக்கவிட்ட கொடி, 1848இல் வெனிஸ் தச்சர்கள் கனவு கண்டார்களே, அந்த இத்தாலியாவின் கொடி. அதே தச்சர்கள் கட்டிய கப்பல் அதை எதிர்த்துச் சுட்டது.

லிசாவில் வென்ற தளபதி டெகெட்ஹோஃப், மறுஆண்டு மெக்சிகோவுக்குப் போய் மாக்சிமிலியனின் உடலைக் கேட்டு வாங்கி, இதே நொவாராவில் கொண்டு வந்தார். 1867 நவம்பர் 26இல் வெராக்ரூசிலிருந்து கிளம்பி, 1868 ஜனவரி 16இல் திரியெஸ்தே. போகும்போது மாலை மரியாதையோடு ஏறியவர், திரும்பும்போது சவப்பெட்டியில். அப்புறம் நொவாரா பீரங்கிப் பயிற்சிக் கப்பலாகக் கரையோரம் நின்று முதுமையைக் கழித்தது. 1899இல் உடைத்து விறகும் இரும்புமாகப் பிரித்துவிட்டார்கள்.

மிஞ்சியது அது சுமந்து வந்த பொருள்கள். நியூசிலாந்திலிருந்து திரும்பிய ஹொக்ஸ்டெட்டர்தான் வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முதல் தலைவர்; அதன் கதவு 1889இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. நொவாரா கொண்டுபோன பறவைகளும் மீன்களும் அந்நகரத்தில் இன்றும் இருக்கின்றன. நிக்கோபார் மக்களின் பொருள்கள் அங்கேயே வேறொரு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2004 சுனாமி நிக்கோபார் கிராமங்கள் பலவற்றை வேரோடு எடுத்துக்கொண்டு போனது. அந்த மக்களின் முன்னோர் கைபட்ட பொருளைப் பார்க்க அவர்கள் வியன்னாவரை போக வேண்டும்.

நொவாராவுக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னதாக அதே தீவுகளுக்கு இன்னொரு கப்பல் போயிருந்தது. டென்மார்க்கின் ‘கலாதியா’. 1845இல் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பி முதலில் வந்தது தரங்கம்பாடிக்கு. இருநூறு ஆண்டுக்கு மேல் டேனியர் வைத்திருந்த ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். பிறகு பெரிய நிக்கோபாரில் ஒரு ஆற்றின் முகத்தில் நங்கூரமிட்டது. அந்த ஆற்றுக்கு இன்றும் கலாதியா என்றுதான் பெயர். தோணியாமை கரையேறி முட்டையிடும் அந்தக் கலாதியா விரிகுடாவில்தான் இப்போது சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்டும் திட்டத்தைப் பற்றி நாள்தோறும் படிக்கிறோம்.

அடுத்த பகுதி கலாதியாவைப் பற்றி. தரங்கம்பாடியில் டேனியக் கொடி இறங்கிய 1845 நவம்பர் 7ஆம் நாளிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)